ஆச்சி படமும் 300 டிபிஐயும்

ஆச்சி தவறிப் போன மூணாம் நாள் வீட்டுல ஒரு பிரச்சினை முளைச்சுது. பதினாறாம் நாள் விசேஷத்துக்குள்ள ஹால்ல படம் மாட்டியாகணும். ஆச்சிக்கோ போட்டோன்னாலே ஆகாது. கல்யாண ஆல்பம் அத்தனையிலயும் யாராவது ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி அரை முகமாத்தான் நிப்பா. முழு முகமா, அதுவும் சிரிச்ச முகமா இருக்கிறது ஒரே ஒரு படம்தான். 2011ல கோயில் கொடை அன்னிக்கு செல்போன்ல எடுத்தது. வடிச்ச காதுல பாம்படம் ஆட, பொக்கை வாய்ச் சிரிப்பு. படம் முழுக்க ஆச்சிதான்.

அந்தப் படம் எங்க எல்லார்கிட்டயும் இருந்துது. குடும்ப குரூப்புல பல தடவை சுத்தி வந்த படம். அதைத் தூக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெசல்யூஷன் பத்தாது தம்பி. 72 டிபிஐன்னு காட்டுது. 300 வேணும்."

கூட வந்த சித்தப்பா மகன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறவன். "இவ்வளவுதானா?"ன்னு மவுசை வாங்கி, 72ன்னு இருந்த கட்டத்துல 300ன்னு தட்டி சேவ் பண்ணிட்டான். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துட்டுது. "பேரைத்தானே மாத்தியிருக்க? உள்ள இருக்கிறது அதே 640க்கு 480 புள்ளிதானேடே."

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. 300ன்னு யார் சொன்னது? ஏன் 250 இல்லை, ஏன் 400 இல்லை? அந்த 72 எங்கிருந்து வந்துது? நான் போட்டோகிராபர் இல்லைங்க. ஆனா ஒரு விஷயம் மண்டைக்குள்ள புகுந்துட்டா நம்மளால சும்மா இருக்க முடியாதே. தோண்டத் தோண்டக் கிடைச்சதை இங்க கொட்டி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, காபியோட உட்காருங்க :-)

முதல் படமும் ஒரு குழந்தையும்

1957. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்துல ரஸ்ஸல் கிர்ஷ்னு ஒரு இன்ஜினியர். கம்ப்யூட்டருக்கு எண்கள் மட்டுமே தெரிஞ்ச காலம். அதுக்குப் படம் காட்டினா என்ன ஆகும்னு அவருக்கு ஒரு யோசனை. ஒரு ஸ்கேனர் செஞ்சு, தன்னோட மூணு மாசக் குழந்தை வால்டனின் போட்டோவை அதுல வெச்சார். 5 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவு போட்டோ. கம்ப்யூட்டருக்குள்ள போனது 176க்கு 176 புள்ளி. மொத்தம் 30,976.

அந்த ஸ்கேனருக்குக் கறுப்பு, வெள்ளை ரெண்டு மட்டும்தான் தெரியும். அதனால வெளிச்சத்தின் அளவை மாத்தி மாத்திப் பல தடவை ஸ்கேன் பண்ணி, எல்லாத்தையும் சேர்த்து சாம்பல் நிறங்களைக் கொண்டுவந்தாங்க. புள்ளியைச் சதுரமா வெச்சதும் கிர்ஷ்தான். அது முட்டாள்தனமான முடிவு, அதனால உலகமே அவஸ்தைப்படுதுன்னு 2010ல, எண்பது வயசு தாண்டின பிறகு, அவரே சொன்னார். 2020ல காலமானார்.

இங்கதான் கதையோட முக்கியமான முடிச்சு இருக்கு. ஸ்கேனருக்குள்ள போனப்போ அந்தப் படத்துக்கு 5 செ.மீ. அளவு இருந்துது. உள்ள போன பிறகு 30,976 எண்கள் மட்டும்தான். செ.மீ.யும் கிடையாது, இன்ச்சும் கிடையாது. அதே எண்களை ஸ்டாம்ப் சைஸ்லயும் அச்சடிக்கலாம், வீட்டுச் சுவர் சைஸ்லயும் அச்சடிக்கலாம்.

இதுக்கு இன்னொரு அழகான சாட்சி 1965 ஜூலையில. மரைனர் 4 விண்கலம் செவ்வாய் கிரகத்தைக் கடந்து போறப்போ எடுத்த படங்கள் ஒவ்வொன்னும் 200க்கு 200 புள்ளி. ஒரு புள்ளிக்கு 6 பிட். பூமிக்கு வந்த வேகம் விநாடிக்கு 8 பிட் சொச்சம். கணக்குப் போட்டா ஒரு படம் வந்து சேர 8 மணி நேரம்! பொறுமை இல்லாத இன்ஜினியர்கள், வந்த எண்களைக் காகிதத்துல அச்சடிச்சு, கீத்து கீத்தா சுவர்ல ஒட்டி, எண் எந்த அளவுக்குள்ள வருதோ அதுக்கேத்த கலர்னு சாக் பென்சிலால கையாலயே தீட்டிட்டாங்க. செவ்வாயோட முதல் டிஜிட்டல் படம் கையால கலர் அடிச்ச படம்! அதே வருஷம்தான் 'பிக்சல்'ங்கிற வார்த்தையும் அச்சுல வந்துது. எழுதினவர் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிரெட் பில்லிங்ஸ்லி.

300 எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டர்லேர்ந்து வரலைங்க. பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து வந்தது.

அச்சு மை சாம்பல் நிறம் காட்டாது. இருந்தா கறுப்பு, இல்லைன்னா காகிதம். அப்போ ஒரு போட்டோவுல இருக்கிற நூறு விதமான சாம்பலை எப்படி அச்சடிக்கிறது? படத்தைப் புள்ளிகளா உடைச்சிடணும். இருட்டான இடத்துல பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்துல குட்டிப் புள்ளி. தூரத்துலேர்ந்து பார்க்கிற கண்ணு அதைக் கலந்து சாம்பலாப் படிச்சுக்கும். இதுதான் ஹாஃப்டோன். பழைய பத்திரிகைப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

1852லயே இங்கிலாந்துல டால்பட், வலைத்துணியை நடுவுல வெச்சு இதை முயற்சி பண்ணி காப்புரிமை வாங்கினார். 1880 மார்ச் 4ஆம் தேதி நியூயார்க் 'டெய்லி கிராஃபிக்' பத்திரிகை ஒரு குடிசைப் பகுதியின் போட்டோவை இப்படி அச்சடிச்சுது. 1890கள்ல பிலடெல்பியாவின் லெவி சகோதரர்கள் கோடு கீறின கண்ணாடித் திரைகளைத் துல்லியமா செய்ய ஆரம்பிச்சதும் இது உலகம் முழுக்கப் பரவுச்சு.

நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு பெரிய பங்கு இருக்கு. கல்கத்தாவுல உபேந்திரகிஷோர் ராய். சத்யஜித் ரேயோட தாத்தா. குழந்தைகளுக்காக எழுதின ராமாயணப் புத்தகத்துல தன்னோட ஓவியங்கள் மரக்கட்டை அச்சுல கெட்டுப்போனதைப் பார்த்து மனசு நொந்தவர், லண்டன்லேர்ந்து கருவிகளை வரவழைச்சு வீட்டுலயே ஹாஃப்டோன் ஆராய்ச்சியில இறங்கிட்டார். திரைக்கும் பிளேட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கணும்னு கணக்கு போட்டு எழுதின அவரோட கட்டுரைகள் 1897லேர்ந்து லண்டனின் 'பென்ரோஸ்' ஆண்டு மலர்ல வந்துது. தன்னோட படம் அச்சுல கெட்டுப்போச்சேங்கிற ஆதங்கம்தான் இவ்வளவையும் செய்ய வெச்சிருக்கு.

இந்தத் திரைக்கு ஒரு அளவு உண்டு. ஒரு இன்ச்சுல எத்தனை வரிசைப் புள்ளின்னு. மை ஊறுற நியூஸ்பிரிண்ட் காகிதத்துக்கு 85 வரிசை மாதிரி. வழவழ ஆர்ட் பேப்பர் பத்திரிகைக்கு 150. கம்ப்யூட்டர் அச்சுத்தொழிலுக்குள்ள வந்தப்போ ஒரு கட்டைவிரல் கணக்கு உருவாச்சு. திரை எத்தனை வரிசையோ, அதுல ஒன்றரை மடங்குலேர்ந்து ரெண்டு மடங்கு வரைக்கும் பிக்சல் இருந்தா தப்பில்லாம வரும். 150ஐ ரெண்டால பெருக்குங்க. 300!

அவ்வளவுதாங்க விஷயம். ஆர்ட் பேப்பர் பத்திரிகைக்குப் போட்ட கணக்கு, ஸ்டுடியோ, பிளக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகைக் கடைன்னு எல்லா இடத்துலயும் வேதவாக்கா மாறிட்டுது. 85 வரிசை நியூஸ்பிரிண்ட்டுக்கு அதே கணக்குல 170 போதும்.

72 எங்கிருந்து வந்தது?

இது அச்சுக்கோக்கிறவங்க கிட்டயிருந்து வந்தது. எழுத்து அளவைச் சொல்ற 'பாயிண்ட்' நமக்குத் தெரியும். 12 பாயிண்ட், 14 பாயிண்ட்னு ஃபாண்ட் சைஸ் வைக்கிறோமே, அதே பாயிண்ட். பழைய அமெரிக்கக் கணக்குல ஒரு இன்ச்சுக்கு 72.27 பாயிண்ட். 1984ல வந்த அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, இந்தச் சில்லறையைத் தூக்கிப் போட்டுட்டு 72ன்னு ரவுண்டா வெச்சுது. அதே 1984 ஜனவரியில வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு 9 இன்ச் திரை, 512க்கு 342 புள்ளி. ஒரு இன்ச்சுக்கு 72. ஒரு புள்ளி, ஒரு பாயிண்ட். திரையில பார்க்கிற அளவும் காகிதத்துல வர்ற அளவும் ஒன்னா இருக்கணும்ங்கிறதுதான் நோக்கம்.

அந்தத் திரை போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா 72 மட்டும் போகலை. 1995ல ஜப்பான்ல டிஜிட்டல் கேமராக்களுக்காக 'எக்ஸிஃப்' விதிமுறை போட்டாங்க. படம் எடுத்த தேதி, ஷட்டர் வேகம் எல்லாத்தையும் படத்துக்குள்ளயே குறிச்சு வைக்கிற முறை. அதுல ரெசல்யூஷனுக்கும் ஒரு கட்டம். கேமராவுக்கு எப்படித் தெரியும், நீங்க என்ன சைஸ்ல பிரிண்ட் போடப் போறீங்கன்னு? அதனால விதியிலயே எழுதி வெச்சாங்க: ரெசல்யூஷன் தெரியலைன்னா 72ன்னு போடு.

ஆக, உங்க செல்போன் படத்துல '72 டிபிஐ'ன்னு இருந்தா அது 'தெரியாது'ன்னு அர்த்தம். தரம் கம்மின்னு அர்த்தம் இல்லை. 4032க்கு 3024 புள்ளி இருக்கிற 12 மெகாபிக்சல் படம் 72ன்னு சொல்லிச்சுன்னா, சாஃப்ட்வேர் அதை 56 இன்ச்சுக்கு 42 இன்ச் படம்னு காட்டும். அதையே 300ன்னு மாத்தினா 13.44க்கு 10.08 இன்ச். ரெண்டும் ஒரே படம். ஒரு புள்ளி கூடலை, ஒரு புள்ளி குறையலை. தோசை மாவு அதேதான், கல்லுல எவ்வளவு அகலமா தேய்க்கிறோம்ங்கிறதுதான் வித்தியாசம். எங்க சித்தப்பா மகன் செஞ்சது மாவுப் பாத்திரத்துல '300'ன்னு லேபிள் ஒட்டினது :-)

கண்ணோட கணக்கு

சரி, கடைசியில எத்தனை புள்ளிதான் வேணும்? அதைச் சொல்ல வேண்டியது கண்ணு.

1862ல ஸ்நெல்லன்னு ஒரு டச்சு கண் டாக்டர் ஒரு போர்டு செஞ்சார். மேல பெரிய எழுத்து, கீழ போகப் போகச் சின்ன எழுத்து. கண் ஆஸ்பத்திரியில நாம எல்லாரும் ஒத்தைக் கண்ணைப் பொத்திக்கிட்டுப் படிச்ச அதே போர்டுதான். நல்ல கண்ணால ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு வரைக்கும் பிரிச்சுப் பார்க்க முடியும்ங்கிறது அதுல இருக்கிற அடிப்படை. அதைப் படத்துக்குக் கொண்டுவந்தா சுலபமான கணக்கு கிடைக்கும். 3440ஐ, பார்க்கிற தூரத்தால (இன்ச்சுல) வகுங்க. அதுக்கு மேல புள்ளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

10 இன்ச் தூரம் (கையில வெச்சுப் பார்க்கிறப்போ): 344
2 அடி: 143
6 அடி: 48
10 அடி: 29

2010ல ஐபோன் 4 வந்தப்போ, 10, 12 இன்ச் தூரத்துல 300 புள்ளி இருந்தா போதும்னு ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில சொன்னது இந்தக் கணக்கை வெச்சுத்தான். 2015ல அதே கம்பெனி, 8 மெகாபிக்சல் ஐபோன் 6ல மக்கள் எடுத்த படங்களைப் பல நாட்டு ஊர்கள்ல பிரம்மாண்ட விளம்பரப் பலகையா வெச்சுது. 3264 புள்ளி அகலப் படம், 40 அடி பலகையில இன்ச்சுக்கு 7 புள்ளி கூட வராது. ஆனா யாரு ஏணி போட்டு ஏறி 10 இன்ச் தூரத்துலேர்ந்து பார்க்கப் போறா?

செல்போனுக்குள்ள கேமரா

1997 ஜூன் 11. கலிபோர்னியாவுல பிலிப் கான்ங்கிறவர், மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்த ஆஸ்பத்திரியில உட்கார்ந்துக்கிட்டே ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு லேப்டாப், ஒரு செல்போன் மூணையும் ஒன்னா இணைச்சார். பிறந்த பொண்ணு சோஃபியோட படத்தை அங்கிருந்தே 2000 பேருக்கு மேல அனுப்பிட்டார். கிர்ஷ் மாதிரியே இவருக்கும் ஒரு குழந்தை முகம்தான் தொடக்கம், கவனிச்சீங்களா?

2000 நவம்பர்ல ஜப்பான்ல வந்த ஷார்ப் ஜே-எஸ்எச்04 போன்ல 1,10,000 பிக்சல். 2002ல வந்த நோக்கியா 7650ல 640க்கு 480. 300 கணக்குல அச்சடிச்சா 2.1க்கு 1.6 இன்ச். தீப்பெட்டி சைஸ்! அப்புறம் போட்டி சூடு பிடிச்சுது. 2012ல நோக்கியா 808ல 41 மெகாபிக்சல், 2019ல 108, 2022ல 200.

இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நகம் அளவு சென்சாருக்குள்ள இத்தனை புள்ளியை அடைச்சா ஒவ்வொன்னுக்கும் கிடைக்கிற வெளிச்சம் கொஞ்சமாயிடும். அதனால 108 மெகாபிக்சல் போன் சாதாரணமா 9 புள்ளியை ஒன்னா சேர்த்து 12 மெகாபிக்சல் படமாத்தான் தருது. அதுவே வீட்டுக்குத் தாராளம். 300 கணக்குல:

பாஸ்போர்ட் சைஸ் (35க்கு 45 மி.மீ.): 413க்கு 531 புள்ளி
4க்கு 6 இன்ச்: 1200க்கு 1800 (2 மெகாபிக்சல் சொச்சம்)
8க்கு 12 இன்ச்: 2400க்கு 3600 (8.6 மெகாபிக்சல்)
12க்கு 18 இன்ச்: சுவர்ல மாட்ட 200 கணக்கே போதும், அதே 2400க்கு 3600

ஒரு எச்சரிக்கை. போன் படம் 4க்கு 3 விகிதம், 4க்கு 6 பிரிண்ட் 3க்கு 2 விகிதம். சினிமா ஃபிரேமை இரட்டிப்பாக்கி பார்னாக் செஞ்ச லைக்கா (1925) கேமராவோட விகிதம் அது. பழைய டிவி, மானிட்டர் வழியா வந்தது 4க்கு 3. ரெண்டும் ஒத்துப் போகாது. அதனால ஓரம் வெட்டுப்படும். எடுக்கிறப்பவே தலைக்கு மேல கொஞ்சம் இடம் விடுங்க.

நிஜமான ஆபத்து வேற இடத்துல இருக்கு. மெசேஜ் ஆப்புல படம் அனுப்பினா, டேட்டாவை மிச்சப்படுத்த அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அழுத்தி அழுத்தி அனுப்புறதுல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் தொலையும். தொலைஞ்சது திரும்பாது.

திரும்பவும் ஆச்சிகிட்ட

மறுநாள் கடைக்குப் போனா, அண்ணாச்சி கடைப் பையன் படத்தை ஏஐ சாஃப்ட்வேர்ல போட்டு நாலு மடங்கு பெருசாக்கி வெச்சிருந்தான். பளபளன்னு இருந்துது. ஆனா அது ஆச்சி இல்லை. கன்னத்துச் சுருக்கம் பாதி காணோம். பாம்படத்தை ஏதோ வளையமா மாத்தியிருந்துது. காதுத் துளையே இல்லை! அது பாவம் என்ன செய்யும்? இல்லாத புள்ளியை, தான் பார்த்த லட்சக்கணக்கான முகங்களை வெச்சு ஊகிக்குது. அதுல எங்க ஆச்சி மாதிரிக் காது எத்தனை இருந்திருக்கும்?

அப்புறம்தான் உறைச்சுது. குரூப்புல இருக்கிறது நகல். மூலம் எங்கே? எடுத்தது யாரு? ஒவ்வொரு வீட்டுக்கா போன் போட்டதுல, அத்தை சொன்னா: "மாமா எடுத்ததுல்லா அது." மாமா போயி ஆறு வருஷம் ஆச்சு. அவரோட பழைய போன் உயிரோட இல்லை. ஆனா அதோட மெமரி கார்டு அத்தையோட தையல் டப்பாவுல, ஹூக்கு, பட்டன்களுக்கு நடுவுல கிடந்துது.

அண்ணாச்சி கடையில கார்டு ரீடர்ல போட்டோம். 1200க்கு 1600 புள்ளி. குரூப்புல இருந்ததைவிட ஆறு மடங்குக்கு மேல. டிபிஐ கட்டத்துல என்ன இருந்துதுன்னு நினைக்கிறீங்க? அதே 72தான்! ரெண்டு படத்துலயும் லேபிள் ஒன்னு. உள்ள இருக்கிற சரக்கு வேற.

6க்கு 8 இன்ச்ல, இன்ச்சுக்கு 200 புள்ளியா பிரிண்ட் போட்டோம். அண்ணாச்சியும் 300ஐ விட்டுக் கொடுத்துட்டார். ஹால் வாசல்ல, ஆறடி தூரத்துல நின்னு பார்க்க 48 போதும். அதுக்கு குரூப் படமே போதுமா இருந்திருக்கும் (6க்கு 8ல அது 80 வரும்). ஆனா பூ வைக்க ரெண்டடி கிட்டப் போனா 143 வேணும். குரூப் படம் அங்க தோத்துப் போயிருக்கும். தினமும் பூ வைக்கப் போறது அத்தைதான். விசேஷத்தன்னிக்கு முதல் தடவை கிட்டப் போனவ, "பாம்படத்துல அந்த நெளிவு கூட தெரியுதே"ன்னு சொல்லிட்டு அங்கயே நின்னுட்டா.

எத்தனை டிபிஐன்னு கவலைப்படாதீங்க மக்களே. எத்தனை புள்ளி இருக்குன்னு பாருங்க. முக்கியமான படத்தை அனுப்புறப்போ டாக்குமெண்டா அனுப்புங்க. எடுத்தவங்க கிட்டயிருந்து மூலப் படத்தை இப்பவே, அவங்க இருக்கிறப்பவே, வாங்கி வெச்சுக்கோங்க. அப்படியே வீட்டுத் தையல் டப்பாவையும் ஒரு தடவை கிளறிப் பாருங்க.

டிஸ்கி: மவுசை வாங்கி 300ன்னு தட்டின சித்தப்பா மகன் இதைப் படிப்பான். தம்பி, கோச்சுக்காதே. நீ தட்டலைன்னா இந்தப் பதிவே கிடையாது :-)